மூன்று டாலர் கேசட்டின் முழுக் கணக்கு

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கு. ஒரு தெருவில் இரண்டு வீடியோ வாடகைக் கடைகள். முதல் கடையில் ஒரு படத்துக்கு இரண்டு டாலர், ஒரு ராத்திரிக்கு. எதிர்க்கடையில் மூன்று டாலர், மூன்று ராத்திரிக்கு. எது மலிவு?

இரண்டாவது கடை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் அன்றைக்கே பார்த்து மறுநாள் காலையில் திருப்பிவிடுகிற ஆள் என்றால் முதல் கடைதான் மலிவு. ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று கேசட்டை டி.வி. மேல் வைத்துவிட்டு மறக்கிற ஆள் என்றால் இரண்டுமே மலிவில்லை. பலகையில் எழுதிய வாடகை என்பது பாதி விலை. மீதிப் பாதி, திருப்பும் விதியில் இருக்கிறது. கடையில் என்ன படம் கிடைக்கும் என்பதோ இந்த இரண்டிலும் இல்லை; கடைக்காரர் கேசட்டை என்ன விலைக்கு வாங்கினார் என்பதில் இருக்கிறது. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

நம்மூர்க்காரர்களுக்கு வீடியோக் கடை என்றால் எண்பதுகளின் ‘டெக்’ (வீடியோ பிளேயர்) வாடகைதான் ஞாபகம் வரும். டி.வி., டெக், கூட மூன்று நான்கு கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து வந்து, விடிய விடியப் பார்த்துவிட்டுக் காலையில் ஒப்படைப்பது. அங்கே வாடகை பெரும்பாலும் மெஷினுக்கு. படம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். படத்தை மட்டும் வாடகைக்கு விட்டு அதை ஒரு பெருந்தொழிலாக வளர்த்துப் பார்த்தது அமெரிக்கா. ஆகவே கணக்கை அங்கேயே போடுவோம்.

1977-இல் மிச்சிகன் மாநிலத்துக்காரர் ஆந்த்ரே பிளே, டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியிடம் ஐம்பது படங்களுக்கு உரிமை வாங்கி, கேசட்டாகப் போட்டு விற்க ஆரம்பித்தார். ஒரு கேசட் ஏறத்தாழ 50 டாலர். அந்தக் காலத்து ஐம்பது டாலர் சாமானியத் தொகை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்த ஐம்பது படங்களையும் வாங்கி, வில்ஷர் பூலவார்டில் இருந்த ஒரு சிறிய கடையில் அடுக்கி, வாடகைக்கு என்று அறிவித்தார். உறுப்பினர் கட்டணம் வருஷத்துக்கு 50 டாலர், ஆயுள் சந்தா 100 டாலர். அதற்கு மேல் படத்துக்கு நாளொன்றுக்கு 10 டாலர் வாடகை. பிற்பாடு மூன்று டாலருக்கு இறங்கிய தொழில் இந்த விலையில்தான் தொடங்கியது.

அட்கின்சன் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கத் தேவையும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் ‘முதல் விற்பனை’ என்று ஒரு கோட்பாடு உண்டு. ஒரு புத்தகத்தையோ கேசட்டையோ நீங்கள் முறைப்படி காசு கொடுத்து வாங்கிவிட்டால், அந்தப் பிரதி உங்களுடையது. விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம். நகல் எடுக்க மட்டும் கூடாது. 1908-இல் ஒரு நாவலின் விலை பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பிறகு சட்டத்திலேயே ஏறியது. ஸ்டுடியோக்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் இதை மாற்றச் சொல்லி நாடாளுமன்றத்தில் முட்டி மோதிப் பார்த்தன. நடக்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. 1984-இல் இசைத்தட்டு வாடகைக்கு அங்கே தடை வந்தது. அமெரிக்காவில் பாட்டுக் கேசட் வாடகைக் கடைகள் தழைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் சட்டம் வேறு. நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு படத்தின் பிரதியை வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளருக்கே என்கிறது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கடைக்காரர் வாடகைக்கு விட்டவை, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அசல் டி.வி.டி.கள். திருட்டுப் பிரதி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தீர்ப்பு கடைக்கு எதிராகத்தான் வந்தது. ஒரே டிஸ்க், சியாட்டிலில் நியாயமான வியாபாரம், டெல்லியில் உரிமை மீறல்.

இனி கொள்முதல் விலைக்கு வருவோம். வாடகையைத் தடுக்க முடியாத ஸ்டுடியோக்கள் விலையில் கைவைத்தன. புதுப்படக் கேசட்டின் விலையை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தார்கள். கடைக்கு அடக்கவிலை சுமார் 65 டாலர். மூன்று டாலர் வாடகை என்றால் போட்ட முதலை எடுக்க 22 தடவை வெளியே போய் வர வேண்டும். ஒரு வாடகை இரண்டு ராத்திரி என்று வைத்தால் வாரத்துக்கு அதிகபட்சம் மூன்று சுற்று. அதாவது ஏழு வாரத்துக்கு மேல் ஒரு நாள்கூட அலமாரியில் தூங்காமல் கேசட் ஓடினால்தான் முதல் கைக்கு வரும்.

புதுப்படமோ கீரைக்கட்டு மாதிரி. வந்த சூட்டில் போகாவிட்டால் வாடிவிடும். பழைய படம் புளி. கிடக்கும், என்றைக்காவது ஒருவர் கேட்டு வருவார். பேட்டைக் கடைக்காரர் இதை வாத்தியார் வைத்துப் படிக்கவில்லை, கல்லாவைப் பார்த்தே தெரிந்துகொண்டார். புதுப்படத்தில் இரண்டு மூன்று பிரதி மட்டும் வாங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் போனால் காலி அட்டைப்பெட்டி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். “அது இல்ல, இதை எடுத்துட்டுப் போங்க” என்று அவர் வேறு ஒன்றை நீட்டுவார். பலருக்கு நல்ல சினிமா அறிமுகமானது இப்படிக் கையில் திணிக்கப்பட்ட இரண்டாம் படத்தால்தான் என்பது என் அபிப்பிராயம்.

1985-இல் டாலஸ் நகரில் டேவிட் குக் திறந்த பிளாக்பஸ்டர் இந்த உலகத்துக்குள் வெளிச்சமாக நுழைந்தது. மற்ற கடைகளில் சில நூறு படங்கள், கேசட்டெல்லாம் கல்லாவுக்குப் பின்னால். இங்கே ஆயிரக்கணக்கில், வாடிக்கையாளரே அலமாரியில் கைவைத்து எடுக்கலாம். கல்லாவில் கம்ப்யூட்டர், கேசட்டில் பார்கோடு. மூன்று டாலருக்கு மூன்று ராத்திரி என்பது இவர்கள் பிடித்த வழி. குடும்பத்தோடு வரும் கடை என்ற பெயரைக் காப்பாற்ற, 1991-இல், சிறுவர்களுக்கு அனுமதியில்லாத ‘என்.சி.-17’ சான்றிதழ் பெற்ற படங்களை வைக்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான கிளைகள் கொண்ட கடை ஒரு வகைப் படத்தை வைக்காது என்றால், அந்த வகைப் படத்தை எடுக்கவே தயாரிப்பாளர் யோசிப்பார். தணிக்கை அரசாங்கத்திடமிருந்து மட்டும்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பேட்டைக் கடையின் முதுகெலும்பை முறித்தது 1998. அந்த வருஷம் பிளாக்பஸ்டர் பெரிய ஸ்டுடியோக்களோடு வருமானப் பங்கு ஒப்பந்தம் போட்டது. கேசட்டுக்கு முன்பணம் பத்து டாலருக்கும் கீழே. பதிலுக்கு வாடகை வருமானத்தில் சுமார் நாற்பது சதவீதம் ஸ்டுடியோவுக்கு. பழைய கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். முன்பணம் எட்டு டாலர் என்று வைத்தால், மூன்று டாலர் வாடகையில் கடைக்கு நிற்பது 1.80 டாலர். ஐந்தே சுற்றில் முதல் வந்துவிடும். இருபத்திரண்டு எங்கே, ஐந்து எங்கே! ஆகவே ஒரே புதுப்படத்தைச் சுவர் நிறைய அடுக்கினார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த தடவை இலவசம் என்று உத்தரவாதமும் கொடுத்தார்கள். அதே பேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று தனிக் கடைக்காரர்கள் டெக்சஸில் வழக்குப் போட்டார்கள். 2002-இல் அது தள்ளுபடியானது.

சுவர் நிறைந்தது, தேர்வு குறைந்தது. ஐம்பது பிரதி நிற்கும் இடத்தில் ஐம்பது வேறு படங்கள் நின்றிருக்கலாம். ‘பெரிய கடை, எல்லாம் கிடைக்கும்’ என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது போன மாதத்துப் படம்.

தாமத அபராதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்காரர் பக்கத்து நியாயம். இரண்டே பிரதி வைத்திருப்பவருக்கு, வெள்ளிக்கிழமை போன கேசட் சனிக்கிழமை வராவிட்டால் வாரத்தின் நல்ல வருமானம் போயிற்று. அவர் அபராதம் கேட்பது நஷ்ட ஈடு. அறுபது பிரதி அடுக்கியிருக்கும் சங்கிலிக் கடைக்கு அந்த நியாயம் கிடையாது. ஆனால் அபராதத்தை அதிகம் நம்பி வாழ்ந்தது அதுதான். 2000-ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டருக்குத் தாமதக் கட்டணமாக மட்டும் வந்தது ஏறக்குறைய 80 கோடி டாலர். மொத்த வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. வாடிக்கையாளரின் மறதியை நம்பிக் கடை நடந்தது.

வசவு தாங்காமல் 2005 ஜனவரியில் ‘இனி தாமதக் கட்டணம் இல்லை’ என்று பெரிய விளம்பரத்தோடு அறிவித்தார்கள். சின்ன எழுத்தில் இருந்தது வேறு. கெடு தாண்டி ஏழு நாள் ஆனால் படத்தை நீங்கள் வாங்கிவிட்டதாகக் கணக்கு. அதன் விலை உங்கள் கார்டில் ஏறும். முப்பது நாளுக்குள் திருப்பினால் அதைக் கழித்துவிடுவார்கள், ஆனால் அலமாரியில் திரும்ப அடுக்கும் கூலியாக 1.25 டாலர் பிடிப்பார்கள். நியூ ஜெர்சி மாநிலம் வழக்குப் போட்டது. மார்ச் மாதத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு சமரசம் பேசி, விளம்பரத்தைத் தெளிவாக்கவும் ஏமாந்தவர்களுக்குப் பணம் திருப்பவும் ஒப்புக்கொண்டார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் பிறந்த கதையும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுவது உண்டு. ‘அப்போலோ 13’ கேசட்டைத் தாமதமாகத் திருப்பிய ரீட் ஹேஸ்டிங்ஸ் 40 டாலர் அபராதம் கட்டினார், அந்தக் கோபத்தில் கம்பெனி தொடங்கினார் என்பார்கள். கூட்டாளி மார்க் ராண்டால்ஃபே அது வசதிக்காகச் சொல்லப்பட்ட கதை என்று பிறகு எழுதிவிட்டார். ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். அவரவர் வீட்டிலும் ஒரு அபராதச் சீட்டு இருந்ததே!

உறுப்பினர் விதிகளில் இன்னொன்றும் உண்டு: கடையின் கம்ப்யூட்டர் நீங்கள் எடுத்த படங்களையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் எடுத்த வீடியோக்களின் பட்டியல், வாஷிங்டனில் ஒரு பத்திரிகையில் வெளியானது. உள்ளே இருந்ததெல்லாம் பழைய ஹிட்ச்காக் மாதிரிச் சாதுவான படங்கள். ஆனாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தங்கள் பட்டியல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; அடுத்த வருஷமே வீடியோ வாடகை விவரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது.

சரி, நல்ல கடை எது? 1988-இல் தொடங்கிய சியாட்டில் ஸ்கேர்குரோ வீடியோவைச் சொல்வேன். 1,40,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள், இயக்குநர் வாரியாகவும் நாடு வாரியாகவும். வேறெங்கும் கிடைக்காத சில படங்களுக்கு டெபாசிட் கேட்பார்கள். கேட்பது சரிதான், தொலைந்தால் திரும்ப வாங்க முடியாதே. வியாபாரமாக நடத்த முடியாமல் 2014-இல் அதை லாப நோக்கற்ற அமைப்பாக மாற்றினார்கள். நியூயார்க்கின் கிம்ஸ் வீடியோவுக்கு அந்த வழி வாய்க்கவில்லை. சலவைக்கடை நடத்திய கொரியக்காரர் யோங்மன் கிம் சேர்த்த 55,000 படங்கள், கடை மூடியபோது இத்தாலியில் சிசிலித் தீவின் சலேமி என்ற சிற்றூருக்குக் கப்பலேறின. அங்கே வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்து, 2022-இல்தான் நியூயார்க் திரும்பின. பிளாக்பஸ்டர் 2010-இல் திவாலானது. உலகில் 9,000-க்கும் மேல் இருந்த கிளைகளில் மிஞ்சியது ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரில் ஒன்றே ஒன்று.

இப்போது எல்லாம் ஸ்ட்ரீமிங், கடை எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்ட்ரீமிங்கில் ‘முதல் விற்பனை’ கிடையாது. அங்கே யாரும் பிரதி வாங்குவதில்லை. உரிமம் மட்டுமே, அதுவும் கெடு வைத்து. கெடு முடிந்தால் படம் ராத்திரியோடு ராத்திரியாக மறையும். ஸ்கேர்குரோவில் 1990-இல் வாங்கிய கேசட்டை எடுத்துப்போக எந்த ஸ்டுடியோவும் வர முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்கேர்குரோ தபாலிலும் டிஸ்க் அனுப்புகிறது. சேர்வதற்கு முன் வாடகையைப் பார்க்கிற அதே கவனத்தோடு திருப்பும் தேதியையும் படித்துவிடுங்கள்.