எடை குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்கு ஏற்றது, யாருக்கு ஆகாது?

முதல் ஷிப்டு போகிற நேரத்துக்குக் கடை திறந்தால், இரவு கல்லாவை எண்ணி முடிக்கும் வரை நாற்காலியை விட்டு எழாத தொழில் நம்முடையது. மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. இடையில் டீ, வடை. மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் நம் உறுப்பினர்களில் பலருக்குத் தொந்தியும் சர்க்கரை நோயும் சேர்ந்தே வந்திருக்கின்றன. வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள்.

இது தொந்தியைக் கரைத்து அழகுபடுத்தும் சிகிச்சை அல்ல. பரவலாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே யாருக்குச் செய்யலாம் என்பதற்கு அளவு வைத்திருக்கிறார்கள்.

தராசு நம்மிடமே இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். வருவதுதான் பி.எம்.ஐ. எண். 5 அடி 7 அங்குலம், அதாவது 1.70 மீட்டர் உயரமுள்ளவர் 100 கிலோ இருந்தால் 34.6 வரும்.

1991-ல் அமெரிக்காவில் வகுத்த அளவு 40; சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தால் 35. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வதால் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. எனவே இந்திய மருத்துவர்கள் 37.5 என்றும், நோய் இருந்தால் 32.5 என்றும் கொள்கிறார்கள். மேலே சொன்ன உயரக்காரருக்கு இது சுமார் 108 கிலோ, 94 கிலோ. 2022-ல் வெளிவந்த சர்வதேசப் பரிந்துரை, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது. அதற்காக 80 கிலோக்காரர் எல்லாம் ஓட வேண்டியதில்லை. உணவுக் கட்டுப்பாடும் நடையும் முதலில். 2025 முதல் எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றையும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

எண் சரியாக இருந்தாலும் சிலருக்கு ஆகாது. குடியை விட முடியாதவர், மயக்க மருந்தைத் தாங்காத அளவு இதயமோ நுரையீரலோ கெட்டவர், மனநோய்க்குச் சிகிச்சை பெறாமல் இருப்பவர், கர்ப்பிணிகள், ஓரிரு ஆண்டுக்குள் குழந்தை பெற எண்ணும் பெண்கள் இதில் அடங்குவர். தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறால் எடை கூடியிருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். புகை பிடிப்பவர் சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும்.

நம்மவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பின் வேளை தவறாமல், கொஞ்சம் கொஞ்சமாக, மென்று சாப்பிட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். சில வாரங்கள் அரிசி மூட்டையைத் தொடக் கூடாது. கடையை மாற்றிப் பார்க்க ஆள் இல்லாதவர் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டே தேதி வாங்க வேண்டும்.

ஆபத்து இல்லாததும் அல்ல. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சையின்போது உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, அம்மருத்துவமனையின் உரிமமும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சரக்கு வாங்கும்போது கேட்காமலா வாங்குகிறோம்! நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலும் இச்சிகிச்சை செய்கிறார்கள்.

பணக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த வாசகப்படி, 18 வயது நிரம்பியவருக்கு எண் 40 இருக்க வேண்டும். அல்லது 35-உம், அத்துடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவற்றில் ஒன்றும், மற்ற வழிகள் பலிக்காத நிலையும் இருக்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் இதே வாசகம்தான். நமது 1.70 மீட்டர்காரர் சர்க்கரையோடு 96 கிலோ இருந்தால் மருத்துவர் சரி என்பார், காப்பீட்டு நிறுவனம் 101 கிலோ கேட்கும். அட்மிஷனுக்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.