தேர்வுக்கு வழிவிட்ட கால்கள்

நாசிக்கிலிருந்து 180 கி.மீ. நடந்து வந்தவர்கள், கடைசி இரவில் மும்பையின் மனதைத் தொட்டார்கள். ஆனால் நிலம்?

ஊர்வலம் என்றால் மும்பைக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: போக்குவரத்து நெரிசல். 2018 மார்ச் 12, திங்கட்கிழமையும் அப்படித்தான் இருக்கும் என்று நகரம் தயாரானது. மார்ச் 6-ம் தேதி நாசிக்கில் கிளம்பிய பல்லாயிரம் விவசாயிகள், ஞாயிறன்று சயான் அருகே சோமையா மைதானத்தை அடைந்திருந்தார்கள். காலையில் புறப்பட்டு சட்டமன்றத்தை முற்றுகையிடுவது திட்டம்.

சிக்கல் ஒன்று இருந்தது. அன்று பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. சாலை அடைபட்டால் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? பகலெல்லாம் நடந்து களைத்தவர்கள், நள்ளிரவுக்குப் பின் மறுபடி எழுந்தார்கள். தாதர், பைகுல்லா வழியாக இருட்டிலேயே நடந்து, விடியும் நேரத்தில் ஆசாத் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பரீட்சைக்குப் போகிறவர்களுக்குச் சாலை திறந்தே இருந்தது.

இந்த ஒரு முடிவு நகரத்தின் பார்வையையே மாற்றியது. வழிநெடுகக் குடியிருப்புவாசிகள் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பலர் செருப்பு கொண்டுவந்தார்கள். டப்பாவாலாக்கள் உணவு திரட்டினார்கள். தார்ச்சாலையில் தோலுரிந்த பாதங்களின் படங்கள் நாடெங்கும் பரவின.

நடந்தவர்களில் பெரும்பாலோர் நாசிக் மாவட்ட மலைக் கிராமங்களின் ஆதிவாசிகள். பெண்களும் முதியவர்களும் ஏராளம். தலைமுறைகளாக உழும் வன நிலத்துக்குப் பட்டா இல்லாததுதான் அவர்கள் முதல் குறை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் மனுக்கள் அலுவலகங்களில் தேங்கின. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம்; கடன் வாங்காதவருக்குத் தள்ளுபடியால் என்ன லாபம்? 2017-ல் மாநில அரசு அறிவித்த 34,000 கோடி ரூபாய்த் தள்ளுபடி இவர்களில் பலரை எட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையம் பரிந்துரைத்தபடி விளைச்சலுக்கு விலை வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை.

ஊர்வலத்தை நடத்திய அகில இந்திய கிசான் சபாவின் தலைவர்களுடன் அன்றே முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் பேசினார். பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்று எழுத்துபூர்வ உறுதி தரப்பட்டது. வன நில மனுக்களைத் தீர்க்க ஆறு மாதக் கெடு. ஊர் திரும்பச் சிறப்பு ரயில்களும் விடப்பட்டன. நடந்து வந்தவர்கள் ரயிலில் திரும்பினார்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று 2019 பிப்ரவரியில் மீண்டும் நாசிக்கிலிருந்து கிளம்பினார்கள். புதிய உறுதிமொழி கிடைத்ததும் நின்றார்கள். 2023 மார்ச்சில் மூன்றாவது முறை. இம்முறை தானே மாவட்டத்து வாசிந்த் வரை வந்த பிறகு அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது. வெங்காய விலையோடு அந்தப் பட்டியலில் இருந்த இன்னொரு கோரிக்கை, வன நிலப் பட்டா.

2018-ல் தேர்வெழுதிய பிள்ளைகள் அதற்குள் கல்லூரிப் படிப்பே முடிக்கும் வயதை எட்டியிருந்தார்கள்.