நீண்ட சொல்லுக்கு இணை தேடி

கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், நம் பங்கைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கையில் நோட்டுப் புத்தகத்துடன் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற சொல்லுக்கு ஒரு ரைம் வேண்டும்" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பாடம் என்றே நாம் முதலில் எண்ணினோம். அது அன்று. அவளுடைய தாத்தா நம் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கோயில்பிள்ளையாக ஊழியம் செய்தவர். அவர் இறந்து ஓராண்டு நிறையவிருந்தது. நினைவு அட்டை அச்சிட வேண்டும். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரிப் பாட்டு இருக்கட்டும் என்று வீட்டார் முடிவு செய்து, அந்தப் பொறுப்பை இவள் தலையில் வைத்திருந்தனர். தாத்தாவைக் குறிக்க இவளுக்குத் தோன்றிய சொல்லும் 'பொறுப்பு' என்பதே.

தமிழில் அடிகளின் இறுதி ஒலி ஒத்து வருவதை இயைபு என்கிறோம். அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் அது எதுகை. முதல் எழுத்து அளவொத்து நிற்க வேண்டும் என்பதும் அதன் விதி. நமக்கு எழுத்தே அளவுகோல். ஆங்கிலத்துக்கோ ஒலியழுத்தமே அளவுகோல். ஒரு சொல்லில் கடைசியாக எந்த உயிரொலி அழுத்தம் பெறுகிறதோ, அதிலிருந்து சொல்லின் முடிவு வரை அனைத்தும் ஒத்து ஒலிக்க வேண்டும். அந்த உயிரொலிக்கு முன்னுள்ள மெய்யொலி மட்டும் மாறியிருக்க வேண்டும்.

ரெஸ்பான்ஸிபிலிட்டி என்னும் சொல்லுக்கு ஆறு அசைகள். அழுத்தம் விழுவது நான்காம் அசையாகிய 'பி'யின்மேல். ஆகவே 'இலிட்டி' என்னும் பகுதி முழுவதும் ஒத்து வரவேண்டும். சிறுமி தன் நோட்டில் 'அபிலிட்டி', 'நொபிலிட்டி' என்று எழுதி வைத்திருந்தாள். இவற்றில் 'பி' என்னும் மெய்யொலியும் ஒன்றாகவே வருவதால், ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னதுபோல் காதுக்குத் தட்டையாகிவிடும். 'ஹியூமிலிட்டி', 'டிராங்குவிலிட்டி', 'சிவிலிட்டி', 'ஃபியூட்டிலிட்டி' ஆகியவையே முறையான இணைகள்.

நீண்ட சொல்லுக்கு இணை கிடைப்பது அரிது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. 'மன்த்', 'சில்வர்', 'ஆரஞ்சு' போன்ற சிறு சொற்களே நேர் இணையற்றவை என்று பேர்பெற்றவை. நீண்ட சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்தவை. ஒரே வால் பலவற்றுக்கும் ஒட்டியிருக்கிறது. 'சால்வேஷன்' என்றால் 'கிரியேஷன்', 'வொகேஷன்' எனக் கூட்டமாக வந்து நிற்கும். 'எட்டர்னிட்டி'க்கு 'ஃபிரட்டர்னிட்டி' உண்டு. அழுத்தம் சொல்லின் தொடக்கத்தில் விழுந்துவிட்டால்தான் கவிஞன் தவிக்க நேரிடும். 'கத்தோலிக்' என்ற ஆங்கிலச் சொல்லையே பாருங்கள். அதன் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'ஆல்கஹாலிக்' என்பதன் அழுத்தமோ மூன்றாம் அசையில். ஏட்டிலே இரண்டும் இணைபோல் தோன்றினாலும் காதிலே ஒட்டுவதில்லை. நமக்கு அதில் வருத்தமும் இல்லை!

கண்ணுக்கு ஒத்தது காதுக்கு ஒவ்வாது என்பதை ஆங்கிலத்தில் அடிக்கடி காணலாம். 'காஃப்', 'தோ', 'த்ரூ' என்னும் மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. ஒன்றுக்கொன்று ஒலிப்பொருத்தம் சிறிதும் இல்லை. இச்சிக்கலை அறிந்தே ஜான் வாக்கர் என்பவர் 1775-ஆம் ஆண்டு ஓர் அகராதியை வெளியிட்டார். சொற்களை முதலெழுத்தின்படி அடுக்காமல், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியதே அதன் புதுமை. முன்பு நாடக நடிகராயிருந்த வாக்கர், பின்னர் நம் திருச்சபையைத் தழுவியவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நீண்ட இயைபை ஆங்கிலக் கவிஞர்கள் பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்படுத்தினர். பைரன் 1819-இல் வெளியிடத் தொடங்கிய 'டான் ஜுவான்' என்னும் நெடுங்கவிதையில், ஒரு பெரிய சொல்லுக்கு இரண்டு மூன்று சிறு சொற்களைக் கோத்து இணையாக்கி வாசகரைச் சிரிக்க வைத்தார். 'போயட்' என்பதற்கு 'நோ இட்' என்று இரண்டு சொற்களை இணைப்பது இம்முறைக்கு எளிய சான்று. 1879-இல் அரங்கேறிய கில்பர்ட், சல்லிவன் ஆகியோரின் 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' இசைநாடகத்திலோ, தன் பெருமையைத் தானே பாடும் படைத்தலைவர், இயைபு அகப்படாமல் இடையிடையே திகைத்து நிற்பதாகவே காட்சி அமைந்துள்ளது.

எனினும் துயரத்துக்கும் இது பயன்பட்டதுண்டு. தாமஸ் ஹூட் 1844-இல், நீரில் மூழ்கி உயிர்நீத்த ஆதரவற்ற பெண் ஒருத்தியைக் குறித்து, மூன்றசை இயைபுகளைக் கொண்டே உள்ளம் உருகப் பாடினார். இயேசு சபைக் குருவாகிய ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் அடிகளார், 1878-இல் கடலில் மூழ்கிய 'யூரிடிசி' என்னும் கப்பலைப் பற்றிய பாட்டில், ஓரடியின் இயைபை நிறைவாக்க அடுத்த அடியின் முதல் மெய்யொலியையே இழுத்துக் கொள்ளும் அளவுக்குத் துணிந்தார்.

இவற்றையெல்லாம் அச்சிறுமிக்கு எடுத்துக் கூறினோம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர், "அப்படியானால் டிராங்குவிலிட்டி என்று முடித்துவிடலாமா, சாமி?" என்றாள். அதன் பொருள் மன அமைதி. கேட்டவளே சற்று நேரம் தரையைப் பார்த்தாள். "ஆனால் தாத்தாவுக்குக் கோபம் அதிகம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். மும்பையில் இருக்கும் அண்ணனுக்கும் தெரியும். அவன் படித்தால் சிரிப்பான்."

அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. காரணம் உண்டு.

குருமடத்தில் படித்த நாளில், ஓய்வுபெறும் முதிய பேராசிரியர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்துப்பா எழுதும் பணி நமக்கு அளிக்கப்பட்டது. 'பெர்சனாலிட்டி' என்று ஓரடியை முடித்துவிட்டோம். அதற்கு இணையாகச் சட்டென்று கைக்கு வந்தது 'ஹாஸ்பிட்டாலிட்டி'. விருந்தோம்பல் என்று பொருள். பெரியவரோ யாரையும் தம் அறைக்குள் ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூட அழைத்தவரல்லர். நாம் அந்த அடியைப் படித்ததும் மண்டபத்தின் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பிறகு மண்டபம் முழுவதும் பரவியது. பெரியவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். புகழ வேண்டும் என்று எழுதிய அடி அவரைக் கேலிப்பொருளாக்கிவிட்டது. காய்ச்சலில் கிடந்த மாணவன் ஒருவனின் கட்டிலருகே மூன்று இரவுகள் கண்விழித்திருந்தவர் அவர். அம்மாணவனை நாம் நன்கு அறிவோம், நாமே அவன். அதை எழுதாமல் விட்டதற்கு, அதற்கேற்ற இயைபு அகப்படவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க நாம் துணிவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

இதைச் சிறுமியிடம் மறைக்காமல் சொன்னோம். "சொல்லுக்குச் சொல் இசைவது நன்று. சொல் ஆளுக்கு இசைவது அதனினும் நன்று. மகளே, அந்த நீண்ட சொல்லை அடியின் கடைசியில் ஏன் நிறுத்துகிறாய்? நடுவில் வைத்துவிடு. நடுவில் நிற்கும் சொல்லுக்கு இணை தேட வேண்டியதில்லை. தாத்தா நாள்தோறும் செய்ததை எளிய சொல்லில் எழுதி, அச்சொல்லைக் கடைசியில் நிறுத்து" என்றோம்.

"தாத்தா தினமும் நாலு மணிக்குக் கோயில் கதவைத் திறப்பார், மணி அடிப்பார்" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவள் முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில் கதவு 'டோர்', நான்கு 'ஃபோர்'. மணி 'பெல்', சொல்வது 'டெல்'. ஓரசைச் சொற்கள். ஏதும் திரிக்காமலே அவை இசைந்து நின்றன. ரெஸ்பான்ஸிபிலிட்டி இரண்டாம் அடியின் நடுவில் அமைதியாக அமர்ந்துகொண்டது. மூன்றாம் அடியில் தாத்தாவின் கோபத்துக்கும் ஒரு சொல் இடம் கொடுத்தாள், நாம் தடுக்கவில்லை.

நினைவுத் திருப்பலி முடிந்து அட்டை வழங்கப்பட்டபோது, அவள் தன் பாட்டியின் அருகே அமர்ந்து ஒவ்வோர் அடியாகத் தமிழில் சொன்னாள். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவர் கோபத்தையும் எழுதிப்புட்டியா!" என்று சிரித்தார். மும்பையிலிருந்து வந்திருந்த பேரன் சிரிக்கவில்லை. அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாத்தா இழுத்த மணிக்கயிற்றைப் பார்க்க வேண்டும் என்று நம்மிடம் கேட்டான்.

அன்புக் குடும்பங்களே, திருமண வாழ்த்து, பிரிவுரை, இரங்கற்பா என்று நம் இல்லங்களிலும் அடிக்கடி ஏதேனும் எழுத வேண்டி வருகிறது. ஆங்கிலமாயினும் தமிழாயினும், காதுக்கு இனிக்கும் சொல் முதலில் ஓடிவரும். எழுதுமுன் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இச்சொல்லை அவருடைய வீட்டார் எதிரில் நிமிர்ந்து நின்று படிக்க நம்மால் இயலுமா? இயலாதெனில் அதை விட்டுவிடுங்கள். அவர் காலையில் எழுந்து முதலில் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான சொல் அங்கே இருக்கும்.