மிளகாய் இலை சுருண்டால் பம்பைத் தூக்காதீர்கள்

தோட்டத்து வீடானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியிருந்தாலும் சரி, நாலு மிளகாய்ச் செடி, ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் கீரை இல்லாமல் நம்மவர்களுக்கு வீடு வீடாகவே இருக்காது. காய்கறி விற்கிற விலையில் அது நியாயமும்கூட. அந்தச் செடிக்கு ஒன்று ஆகிவிட்டால் தாய்மார்கள் பதறிப் போகிறார்கள். "நல்லா பூத்துக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு இலையெல்லாம் சுருண்டு போச்சே!" என்ற புலம்பலைக் கேட்காத லயம் உண்டா? வீட்டுக்காரர் வேலைக்காட்டில் மருந்தடிப்பவராக இருந்துவிட்டால் அடுத்து நடப்பது நமக்குத் தெரியும். மிச்சம் மீதி மருந்து ஒரு போத்தலில் வீட்டுக்கு வந்துவிடும்.

சுகாதாரப் பகுதியில் செடியின் நோய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த மிளகாயைத்தானே நாளைக்கு அம்மியில் வைத்து அரைக்கப் போகிறீர்கள்? அந்தக் கீரையைத்தானே பிள்ளைக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டப் போகிறீர்கள்? அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். செம்பனைக்கும் ரப்பருக்கும் அடியில் நாம் அதிகம் அடிப்பது களைக்கொல்லி. அது புல்லைக் கொல்லும் மருந்து. உங்கள் மிளகாயில் இருப்பதோ பூச்சி. களைக்கொல்லிக்குப் புல்லும் செடிதான், மிளகாயும் செடிதான். பூச்சி பிழைத்துக்கொள்ளும், மிளகாய் செத்துப் போகும்.

சரி, இலை ஏன் சுருளுகிறது? கையில் எடுத்துப் பாருங்கள். இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். பூவை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள், நூல் துண்டு போல மெலிந்த பூச்சிகள் ஓடும். இலை கீழ்நோக்கி வளைந்து, குறுகி, அடிப்பக்கம் பழுப்பேறித் தடித்திருந்தால் அது சிலந்திப்பேன். அது கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இந்த இரண்டுக்கும் மோசமான நுனிகளைக் கிள்ளி எடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம். மேலே மட்டும் தெளித்துவிட்டு "வேப்பெண்ணெய் கேட்கலை" என்று சொல்லாதீர்கள். பூச்சி குடியிருப்பது அடியில்.

இலை சுருளுவதோடு மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, செடி வளராமல் குட்டையாக நின்றால் அது வைரஸ். அசுவினியும் வெள்ளை ஈயும் இதை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும். இதற்கு உலகத்தில் எந்த மருந்தும் கிடையாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். ஒன்றுக்குப் பாவம் பார்த்தால் பத்தும் போகும்.

கத்தரியும் தக்காளியும் காலையில் பச்சையாக இருந்து மத்தியானம் திடுக்கென்று வாடினால் வாடல் நோயா என்று சோதிக்க வழி இருக்கிறது. வேருக்குச் சற்று மேலே தண்டை நறுக்கி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் முனை நனையும்படி தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளையாகப் பால் போல இழை இழையாக இறங்கினால், அது மண்ணில் வாழும் பாக்டீரியா. மருந்தடித்துப் பயனில்லை. அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில காலத்துக்கு நடாமல் வெண்டை, பயத்தங்காய், கீரை என்று மாற்றுங்கள். சுண்டைக்காய்ச் செடிக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி அதிகம். அதன் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டி வளர்ப்பவர்கள் உண்டு. பால்மரத்தில் ஒட்டுக் கட்டிய கைகளுக்கு இது பெரிய வித்தையா!

இதுவரை சொன்னது இயற்கை தரும் தொல்லை. இன்னொன்று மனிதன் தருவது. மிளகாய், தக்காளி, பயத்தங்காய் என்று இனம் வேறுபட்ட செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில், அதுவும் வேலைக்காட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும், இலை நீண்டு நாடா போல முறுக்கிக்கொண்டால், இரண்டொரு நாள் முன்னால் பக்கத்து நிரையில் மருந்தடித்தார்களா என்று விசாரியுங்கள். பூச்சியாக இருந்தால் ஒரு செடியில் தொடங்கி மெல்லப் பரவும். காற்றில் வந்த களைக்கொல்லி எல்லாவற்றையும் ஒரே அடியாக அடிக்கும். டூ-ஃபோர்-டி போன்ற மருந்துக்குத் தக்காளி மிகவும் பயந்த செடி. அப்படி நடந்திருந்தால் அந்தக் கீரையையும் காயையும் சாப்பிட வேண்டாம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, தேதியையும் எழுதி, சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். செடிமேல் விழுந்த மருந்து கொடியில் காயும் துணிமேலும், வாசலில் விளையாடும் பிள்ளைமேலும் விழுந்திருக்கும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியை மட்டுமல்ல, வேலையால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களையும் கருத்தில் கொண்டது. ஆகவே இதைக் கேட்பது உரிமை, சலுகை அல்ல.

நம் கையாலேயே நடப்பதும் இருக்கிறது. மருந்தடித்த சட்டையைத் துவைத்த தண்ணீரைப் பின்பக்கத்து வாழைக்கும் கீரைக்கும் ஊற்றுகிறோம். காலி மருந்துக் கேனைப் பாதியாக வெட்டிப் பூந்தொட்டி ஆக்குகிறோம், மழைத் தண்ணீர் பிடிக்கிறோம். வேலைக்காட்டுப் பம்பிலேயே வேப்பெண்ணெயைக் கலந்து வீட்டுச் செடிக்கு அடிக்கிறோம். எத்தனை தடவை கழுவினாலும் அந்த ரப்பர் குழாய்க்குள் மருந்து தங்கும். வீட்டுக்கென்று சின்னத் தெளிப்பான் ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பூச்சி மருந்து வாங்கியே தீரவேண்டும் என்றால் லேபிளின் நிறப் பட்டையைப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், வெள்ளை. வீட்டுக் காய்கறிக்குக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பக்கமே போகவேண்டாம். வெள்ளைப் பட்டை என்றாலும் அது ராச்சுன்தான். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள், அந்த நாள் கணக்கு முக்கியம்.

பாராக்குவாட் மலேசியாவில் 1.1.2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய போத்தல் ஏதாவது வீட்டுப் பின்புறத்திலோ கோழிக் கூண்டுக்கு மேலேயோ கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். ஒரு மடக்கு விழுங்கினாலே உயிரைப் பறிக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. சாக்கடையில் ஊற்றாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, வட்டார விவசாய அலுவலகத்தில் என்ன செய்வதென்று கேளுங்கள்.

யாராவது தவறிப்போய் எந்த மருந்தையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். மேலே பட்டிருந்தால் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போத்தலையும் அதன் லேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாகச் சிகிச்சை செய்யமுடியும்.