கப்பலில் ஓவிய ஏலம்: கைதூக்கும் முன் ஒரு கணக்கு

உல்லாசக் கப்பல் பயணம் இன்று எட்டாக் கனியாக இல்லை. பள்ளி விடுமுறை வந்தால் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வேர்கொண்ட குடும்பங்கள் பல, கிள்ளான் துறைமுகத்திலோ சிங்கப்பூரிலோ கப்பலேறி மூன்று நான்கு நாள் கடலில் இருந்துவிட்டு வருகின்றன. செனவாங், நீலாய் தொழிற்சாலைகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், காலமெல்லாம் பால்மரம் வெட்டிய பெற்றோரை ஒருமுறையாவது கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்று காசு சேர்க்கிறார்கள். 1926-இல் ஓடத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் என்று போய்வந்த ‘ரஜூலா’ கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இப்போது அதே மலாக்கா நீரிணையை நீச்சல் குளமும் நாடக அரங்கும் உள்ள கப்பலில் கடக்கிறார்கள்.

பெரிய கப்பல்கள் சிலவற்றில் சாப்பாடு, ஆட்டம் பாட்டத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. அது ஓவிய ஏலம். டாலி, பிக்காசோ, ரெம்பிராண்ட் என்று எங்கோ கேட்ட பெயர்கள் ஒலிபெருக்கியில் வரும். வெளியில் இவ்வளவு விலை, இங்கே அதில் பாதிதான் என்பார்கள். ‘வாங்கி வைத்தால் நாளைக்கு விலை ஏறுமே’ என்ற எண்ணம் யாருக்கும் வரும்.

வாங்கலாமா? சுருக்கமான பதில் இதுதான். ஒரு படம் மனதுக்குப் பிடித்து, வீட்டுச் சுவரில் மாட்டி மகிழ, கையில் மிஞ்சும் காசில் வாங்கினால் தவறில்லை. சேமிப்பு, முதலீடு என்று நம்பி வாங்கினால் பெரும்பாலும் நட்டம்தான். ஏன் என்பதைப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த மூன்று ஏலங்கள்

ஏலம் நமக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய சேலையையும் மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவார்கள். ஒற்றைப் பழம் நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்குப் போகும். அந்த விலை பழத்துக்கு இல்லை, காணிக்கை என்பது எடுத்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். நாளைக்கு அந்தப் பழத்தை யாரிடமும் விற்க யாரும் நினைப்பதில்லை.

இரண்டாவது, அடகுக்கடை ஏலம். 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டத்தின்படி மாத வட்டி 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதத் தவணை முடிந்தும் மீட்காத நகை ஏலத்துக்குப் போகும். அங்கே பொருள் தங்கம். எடை உண்டு, அன்றைய விலை உண்டு. சிரம்பானில் ஒரு கடை குறைத்துக் கேட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

மூன்றாவது, வங்கி ‘லேலோங்’ விடும் வீடு. ஏல அறிவிப்பு முன்னதாகவே வெளியாகும். ஒதுக்கு விலை அதில் இருக்கும். வீடு இருக்கும் தாமானுக்கே போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கலாம். வாங்க ஆள் வராவிட்டால் அடுத்த முறை விலையைக் குறைப்பதும் உண்டு.

கப்பல் ஏலத்தை இந்த மூன்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் சிக்கல் புரியும். கோயில் ஏலம்போல உணர்ச்சியில் விலை ஏறுகிறது, ஆனால் அந்தப் பணம் காணிக்கை இல்லை. தங்கம்போல எடைபோட்டு மதிப்புச் சொல்ல வழியில்லை. வீட்டு ஏலம்போல முன்கூட்டி விசாரிக்க நேரமும் இல்லை.

ஏலம் நடக்கும் விதம்

பெரும்பாலும் கப்பல் நடுக்கடலில் இருக்கும் நாளில்தான் ஏலம் நடக்கும். பயணிகள் வேறெங்கும் போக முடியாத நேரம் அது. வருபவர்களுக்கு இலவசமாக ஷாம்பேன் தருவார்கள். ஏலத்துக்கு முன்பு ஓவியம் பற்றி ஒரு விளக்க உரையும் இருக்கும். பேசுபவர் நன்றாகவே பேசுவார். ஆனால் அவர் விற்பவரின் ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏலம் தொடங்கும்போது முதலில் ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். இது இந்தப் படத்தின் ‘சில்லறை மதிப்பு’ என்பார்கள். பிறகு அதைவிடப் பல மடங்கு குறைந்த தொகையில் கேள்வி தொடங்கும். கேட்பவருக்குப் பாதி விலையில் கிடைப்பதுபோல் தோன்றும். அந்தப் பெரிய தொகையை நிர்ணயித்தது யார்? விற்பவரேதான். கடையில் விலைச்சீட்டை முதலில் ஏற்றி ஒட்டி, பிறகு ‘50 விழுக்காடு கழிவு’ என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு படம் ஏலம் போனதும், ‘இதே படம் இதே விலைக்கு வேறு யாருக்கு வேண்டும்?’ என்று கேட்பது உண்டு. உண்மையான ஏலத்தில் பொருள் ஒன்று, கேட்பவர் பலர். அந்தப் போட்டியில்தான் விலை பிறக்கிறது. கேட்ட எல்லாருக்கும் கிடைக்கும் என்றால் அது ஏலத்தின் பெயரில் நடக்கும் கடை வியாபாரம். மேடையில் காட்டிய பிரதி உங்களுக்கு வராமல், கிடங்கிலிருந்து வேறொரு பிரதி பிறகு வந்து சேர்வதும் உண்டு.

ஓவியமா, அச்சா?

விற்கப்படுவதில் பெரும்பகுதி ஓவியர் தூரிகை பிடித்துத் தீட்டிய அசல் இல்லை, அச்சுப்படங்கள். பெயர்கள் மட்டும் மிரட்டும். லித்தோகிராஃப் என்றால் கல் அல்லது உலோகத் தட்டிலிருந்து எடுத்த அச்சு. செரிகிராஃப் என்றால் பட்டுத்துணித் திரைவழி மை தள்ளி அடிப்பது. நம்மூரில் டி-சட்டையில் படம் அடிப்பதும் அடிப்படையில் இதே முறைதான். ‘ஜிக்லே’ என்பது உயர்தர மைபீச்சு அச்சு. பீச்சுதல் என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 1991-இல் உருவாக்கிய பெயர் அது. ‘கையால் மெருகேற்றியது’ என்றால் அந்த அச்சின் மேல் சில இடங்களில் வண்ணம் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அச்சுப்படம் மட்டம் என்று சொல்லவில்லை. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரசுவதியையும் வண்ணத்தில் அடித்துத் தந்ததால்தான் சாமானியர் வீட்டுச் சுவருக்கும் படம் வந்தது. வாங்கியவர்கள் அதை அச்சு என்று தெரிந்தே, அச்சின் விலைக்கே வாங்கினார்கள். அச்சுக்கு அசலின் விலை கொடுப்பதுதான் தவறு. ஓரத்தில் 125/300 என்று இருந்தால் 300 பிரதிகளில் 125-வது என்று பொருள். அதே படம் வேறு தாளில், வேறு அளவில், வேறு எண் வரிசையில் அடிக்கப்பட்டிருக்கவும் கூடும்.

சான்றிதழ் யார் கொடுத்தது?

அசல் என்பதற்குச் சான்றிதழ் தருகிறார்களே என்று கேட்கலாம். அதில் கையெழுத்திடுவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் விற்கும் நிறுவனமே கொடுத்திருக்கும். சில வேளை ‘மதிப்பீட்டுச் சான்று’ என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அதையும் அவர்களே தருவார்கள்.

சால்வடோர் டாலியின் அச்சுப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் அவர். 1974-இல் அண்டோரா எல்லையில் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் நிறுத்திய ஒரு வண்டியில், டாலி கையெழுத்துடன் 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. கையெழுத்து உண்மையாக இருந்தாலும் அதன்மேல் பிறகு அச்சான படத்துக்கு என்ன மதிப்பு? ஹவாயில் சுற்றுப்பயணிகளுக்கு டாலி பெயரில் போலி அச்சுப்படங்கள் விற்ற ஒரு கலைக்கூடத்தின் நிர்வாகிகள் 1990-இல் மோசடிக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கப்பல் ஏலங்களில் உலக அளவில் பெரிய பெயரான அமெரிக்காவின் பார்க் வெஸ்ட் கேலரி மீது, டாலி படங்களின் உண்மைத்தன்மையையும் சொல்லப்பட்ட மதிப்பையும் கேள்விக்குள்ளாக்கி 2008-இல் வாங்கியவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, அவ்வளவு வசதியுள்ள அமெரிக்கப் பயணிகளே வீடு திரும்பிய பிறகுதான் விலையை விசாரித்தார்கள் என்பதை நாம் பார்க்க வேண்டும்.

பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவோம்

ஒரு படம் 1,000 அமெரிக்க டாலருக்கு உங்களிடம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு முடியாது. வாங்குபவர் கட்டணம் 15 விழுக்காடு என்றால் 150 டாலர். சட்டமிடவும் வீட்டுக்கு அனுப்பவும் 200 டாலர் என்று கொள்வோம். மொத்தம் 1,350 டாலர். டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென் என்று கணக்கிட்டால் 5,670 ரிங்கிட். இறக்குமதி வரி ஏதும் வந்தால் அது தனி. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வைத்துப் பார்த்தால், இது மூன்று மாத உழைப்புக்கும் மேல்.

இப்போது விற்கப் போவோம். ஏல நிறுவனம் 15 விழுக்காடு தரகு எடுப்பதாகக் கொண்டால், போட்ட காசு திரும்பவே அந்தப் படம் சுமார் 6,670 ரிங்கிட்டுக்குப் போக வேண்டும். 300 பிரதிகளில் ஒன்றுக்கு அந்த விலை கொடுக்க யார் வருவார்? நகை என்றால் அவசரத்துக்கு அடகுக்கடை இருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு பகாவ் பட்டணத்தில் எந்தக் கடைப் படியேறுவது?

அதே 5,670 ரிங்கிட்டை ஊழியர் சேமநிதியில் சுயமாகச் செலுத்தியிருந்தால்? 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அந்த விகிதத்தில் ஓராண்டுக்கு 357 ரிங்கிட் கிடைக்கும். விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்றாலும், அதே அளவில் நீடித்தால் பத்தாண்டில் தொகை ஏறக்குறைய 10,400 ரிங்கிட்டாக வளரும்.

முதலீடு என்பது தோட்ட மக்களுக்குத் தெரியாத பாடமும் இல்லை. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்று, அவை துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில்தான், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசு கண்ணால் பார்க்கக்கூடிய தோட்டமாக மாறியது. காசு எங்கே போகிறது, திரும்பி எப்படி வரும் என்று அவர்கள் கேட்ட கேள்வியைத்தான் நாமும் கேட்க வேண்டும்.

சிக்கல் வந்தால் எங்கே போவது?

உள்நாட்டில் வாங்கிய பொருளில் ஏமாற்றம் என்றால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. நடுக்கடலில், வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கியதற்கு இந்த வழி எளிதில் பயன்படாது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளே முடிவு செய்யும். கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியிடம் முறையிடலாம். அதற்கும் ஆவணங்கள் கையில் வேண்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

இந்தக் கேள்விகளை முதலில் கேளுங்கள். இது அசலா, அச்சா? மொத்தம் எத்தனை பிரதிகள்? ஓவியர் உயிரோடு இருந்தபோது அடித்ததா, மறைந்தபின் அடித்ததா? எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கடைசித் தொகை என்ன? நான் பார்க்கும் இதே பிரதிதான் வருமா? திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம்? பதில்களை ரசீதிலேயே எழுதிக் கேளுங்கள். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு என்றாலும் பரவாயில்லை, அதே படம் வெளியில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தேடிவிட்டுக் கைதூக்குங்கள். ஷாம்பேனை ஏலம் முடிந்த பிறகு குடிக்கலாம்.

ஓவியத்தின் மேல் உண்மையாகவே ஆசை இருந்தால் கடலுக்குப் போகத் தேவையில்லை. 2018-இல் பாரிஸ் பொம்பிடு மையத்தில் ‘பாகோ பாகோ’ ஓவியங்கள் வைக்கப்பட்ட லத்திஃப் முகிதின் நம் மாநிலத்து லெங்கெங்கில் பிறந்தவர். நிர்மலா சண்முகலிங்கம், அனுரேந்திரா ஜெகதேவா என நம் இனத்து ஓவியர்களும் மலேசியக் கலை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஹென்றி புட்சர் நிறுவனம் 2010 முதல் ஓவிய ஏலம் நடத்துகிறது. பட்டியல் முன்பே வெளிவரும், மதிப்பீட்டு விலை அதில் இருக்கும், படங்களை நேரில் போய்ப் பார்க்கலாம். தேசிய ஓவியக்கூடத்துக்கு ஒருநாள் பிள்ளைகளோடு போய்வந்தாலே கண் பழகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிரம்பான், நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் தாமான்களாகிக்கொண்டிருக்கின்றன. லயத்து வீடு, பிரட்டுக்களம், ஆலமரத்தடி முனியாண்டி எல்லாம் பழைய நிழற்படங்களில் மங்கிக் கிடக்கின்றன. 5,670 ரிங்கிட்டில் ஒரு பகுதியை உள்ளூர் இளம் ஓவியர் ஒருவரிடம் கொடுத்து, அப்பா அம்மா மரம் வெட்டிய நிரையை வரையச் சொல்லலாம். அது விலை ஏறுமா என்று கேட்டால், ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு 300 பிரதிகள் இருக்காது. அதில் இருப்பது எந்த இடம், யாருடைய மரம் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும்.