கன்றுக்கு மாற்றுப்பால்: புரதம் எதிலிருந்து?

பால் முழுவதையும் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, கன்றுக்குச் சோயா மாவுக் கஞ்சியும் வெல்லத் தண்ணீரும் கொடுத்து வளர்க்க முயல்வோர் உண்டு. இதனால் கன்று கழிந்து மெலிகிறது. சில சமயம் இறந்தும் போகிறது. இன்றைய கிடேரிக் கன்றே நாளைய கறவைப் பசு. எனவே, பாலுக்குப் பதிலாக எதை, எந்த வயதில் கொடுக்கலாம் என்பதை அறிந்து செய்வது நல்லது.

இளங்கன்றின் வயிறு

இளங்கன்றுக்கு அசைபோடும் வயிறு வளர்ந்திருக்காது. குடித்த பால் நேராக நான்காம் வயிற்றுக்குச் செல்கிறது. அங்கு சுரக்கும் ரெனின் என்னும் நொதி, பாலிலுள்ள கேசின் புரதத்தைத் தயிர்போல் உறைய வைக்கிறது. உறைந்த பால் சிறிது சிறிதாகச் செரிக்கிறது. பன்னீர் தயாரிக்கும்போது வடியும் தெளிநீரின் புரதம் உறையாவிட்டாலும் நன்கு செரிக்கும்.

சோயாவின் நிலை வேறு. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும், குடலில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்களும் உள்ளன. வறுத்தால் முன்னது பெருமளவு அழியும். பின்னவை எளிதில் அழிவதில்லை. ஆகவே வீட்டில் அரைத்த சோயா மாவைப் பாலில் கலக்கக் கூடாது. கஞ்சியிலுள்ள மாவுச்சத்தும் இளங்கன்றுக்குச் சரிவரச் செரிக்காது. வெல்லம், சர்க்கரையைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. அவை கழிச்சலையே உண்டாக்கும்.

கொடுக்கும் முறை

கன்று பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். பிறகு தினமும் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தேவை. 25 கிலோ கன்றுக்கு இது இரண்டரை லிட்டர் ஆகும். முதல் மூன்று வாரங்களுக்குப் பாலோ, பால் புரதம் மட்டுமே உள்ள மாற்றுப்பாலோ கொடுக்கலாம். அதன் பின்னரே, தொழிற்சாலையில் பதப்படுத்திய சோயாப் புரதம் ஓரளவு கலந்த மாற்றுப்பாலுக்கு நான்கைந்து நாட்களில் படிப்படியாக மாற்றலாம்.

மூட்டையில் புரதம் 20 முதல் 22 சதவீதம் என்றிருந்தால் மட்டும் போதாது. அது எதிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். நார்ச்சத்து 1 சதவீதத்திற்கு மேலிருந்தால் தாவரப் பொருள் அதிகம் என்று கொள்ளலாம்.

பிண்ணாக்கைப் பாலில் கரைக்காமல், இரண்டாம் வாரம் முதல் உலர்ந்த கன்றுத் தீவனத்தில் சேர்த்து வைக்கலாம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சு. அதைத் தவிர்க்க வேண்டும். கன்று தினமும் ஒரு கிலோ தீவனம் தின்னத் தொடங்கிய பின் பாலை நிறுத்திவிடலாம். சாணம் தண்ணீராகப் போனால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.