அஞ்சல் வருகிறது, போகவில்லை: ஏன்?

ஸ்ரீரங்கத்தில் கடிதம் அனுப்ப எந்தச் சிவப்புப் பெட்டியும் போதும். போடுவது யார் என்று எவரும் கேட்பதில்லை. உங்களுக்கு வரும் கடிதமோ 620006 என்ற பின்கோடைப் பிடித்து உங்கள் வாசலுக்கு மட்டுமே வர வேண்டும். மின்னஞ்சலும் இப்படி இரண்டு வேலைகளாகத்தான் பிறந்தது. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி என்ற நெறிமுறை அனுப்புவதற்கு மட்டுமே. தொடக்கத்தில் அது கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து படிக்க உதவும் பாப், ஐமேப் என்ற நெறிமுறைகள் அதற்குப் பிறகு வந்தவை. அதனால்தான் கணினியில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளின் மெனுவைத் திறந்து 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போனால், வரும் அஞ்சலுக்கான சர்வர் உங்கள் கணக்கின் கீழேயே இருக்கிறது. அனுப்பும் சர்வர் இடப்பக்கப் பட்டியலின் அடியில் தனியாக நிற்கிறது. அஞ்சல் வருகிறது, போக மறுக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அடிவரியை.

முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எல்லாம் தானாக அமைந்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகளுக்கு அது சரி. அவற்றின் விவரம் மென்பொருளுக்கு முன்பே தெரியும். திருச்சி தில்லைநகரில் சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு மென்பொருள் ஊகிப்பது தவறலாம். அப்போது சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் நாமே தர வேண்டும்: வழக்கமாக ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்ப 587 அல்லது 465. பாப் வழியாக அஞ்சலை இறக்கினால், 'சர்வரில் நகலை விட்டுவை' என்ற குறியைக் கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் இறக்கிய அஞ்சல் சர்வரிலிருந்து நீங்கிவிடும்; பிறகு ஹார்ட் டிஸ்க் பழுதானால் அஞ்சலும் போச்சு. கணினியை மாற்றும் முன் இந்த விவரங்களைத் தாளில் குறித்து வையுங்கள், கடவுச்சொல்லைத் தவிர.